விமானி மட்டுமா விமானத்தை இயக்குகிறார்?



ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் எதிர்கால ஆசை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுப்பது நம் வழக்கம். எங்கள் பத்து காஜாவில் வகுப்புக்கு நான்கைந்து பேராவது விமானியாக வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் அருகில் இருப்பதால், தாழப் பறந்து செல்லும் விமானத்தைப் பள்ளித் திடலிலிருந்தே அவர்கள் பார்க்கிறார்கள். ஆசை பிறப்பது இயல்பே. நானும் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவேன். அத்துடன் என் கடமை முடிந்தது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

கடந்த தீபாவளியின்போது என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவர்தாம். விமானிப் பயிற்சிக்கு இலட்சக்கணக்கான ரிங்கிட் வேண்டும். தோட்டம் மூடப்பட்டபின் லாரி ஓட்டிக் குடும்பம் நடத்திய அவர் தந்தையால் அது இயலவில்லை. ஆயினும் இன்று அவர் சிப்பாங்கில், விமான நிறுவனம் ஒன்றின் ஃப்ளைட் ஆப்பரேஷன்ஸ் எனப்படும் விமான இயக்கப் பிரிவில் பணிபுரிகிறார். தம் மேலாளரைப் போல் ஒருநாள் அந்த அறையை நடத்த வேண்டும் என்பதே இப்போது அவருடைய ஆசை. அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆசிரியராகிய எனக்கே தெரியாதபோது மாணவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த அறையில் என்ன நடக்கிறது?

ஒரு விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னரே அதன் பயணம் தரையில் தொடங்கிவிடுகிறது. எந்த வழியில் செல்வது, வழியில் இடிமழை உண்டா, இறங்கும் நிலையத்தின் ஓடுபாதை திறந்திருக்கிறதா, அங்கு இறங்க முடியாவிட்டால் வேறு எங்கு இறங்குவது என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து பயணத் திட்டம் வரைகிறார்கள். பிறகு எரிபொருள் கணக்கு. பயணத்திற்கு வேண்டிய அளவு, எதிர்பாராத தேவைக்குப் பொதுவாக அதில் 5 விழுக்காடு, மாற்று நிலையத்திற்குச் செல்லும் அளவு, கடைசி இருப்பாக 30 நிமிடம் வானில் சுற்றும் அளவு எனக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பயணத்திற்கு 40,000 கிலோகிராம் என்றால் 5 விழுக்காடு 2,000 கிலோகிராம். நாம் நடத்தும் விழுக்காட்டுப் பாடம்தான் இது.

நேரக் கணக்கும் அப்படியே. உலகெங்கும் விமானத் துறை ஒரே பொது நேரத்தைப் பின்பற்றுகிறது. நம் நாட்டு நேரம் அதற்கு 8 மணி நேரம் முந்தியது. ஜனவரி முதல் நாள் காலை 7.30 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து புறப்படும் விமானத்தின் திட்டத்தில் டிசம்பர் 31, 23:30 என்றுதான் எழுதப்படும். நாளும் மாறுகிறது, ஆண்டும் மாறுகிறது. 24 மணி நேர முறையைத் தேர்வுக்காக மட்டும் கற்றவர் இங்கே தடுமாறிவிடுவார்.

இவை அனைத்திற்கும் பொறுப்பேற்று அறையை நடத்துபவரே மேலாளர். விமானிகளின் பணி நேரம் வரம்பைத் தாண்டிவிடும் எனத் தெரிந்தால், 180 பயணிகள் கோபத்துடன் காத்திருந்தாலும் "இந்தக் குழு பறக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டியவர் அவர். இத்துறையின் உச்சப் பதவிகளில் அனுபவம் மிக்க விமானிகளை அமர்த்துவதுண்டு. ஆனால், இயக்கக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து படிப்படியாக உயர்ந்து மேலாளரானவர்களும் உண்டு என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும்.

ஓர் அலகு செய்த வேலை

'அலகு எழுதாவிட்டால் ஒரு புள்ளிதானே போகும்' என்று நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். 1983 ஜூலை 23-ஆம் நாள் ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மொன்றியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. எனவே அளவுகோலால் அளந்து கணக்கிட்டார்கள். தேவை 22,300 கிலோகிராம். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டரின் எடை ஏறக்குறைய 0.8 கிலோகிராம். ஆனால் அவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அது பவுண்டு கணக்கு. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. தரைப் பணியாளர்களும் விமானிகளும் சேர்ந்து போட்ட கணக்கில் பெருக்கலும் கழித்தலும் சரி, அலகுதான் தவறு. 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பினார்கள்.

41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, பிறகு இரண்டு எந்திரங்களும் நின்றன. விமானி அதனை மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். இந்தக் கதையை நான் வகுப்பில் சொன்ன நாள்முதல், அலகு எழுத மறந்தவனைப் பக்கத்து மாணவனே 'கிம்லி, கிம்லி' என்று கூப்பிட்டு நினைவூட்டுகிறான்.

'தெரியாது' என்ற சொல்

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று அந்த மாணவர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், ஐந்தாம் ஆண்டில் ஒரு கணக்குக்கு 'தெரியாது' என்று சொன்னதற்காக ஓய்வு நேரம் வரை என்னை நிற்க வைத்தீர்கள், நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அவருக்கு இருக்கிறது. அதன்பின் அவர் என் வகுப்பில் 'தெரியாது' என்று சொன்னதே இல்லையாம். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடுவாராம். அதனை நான் முன்னேற்றம் என்று எண்ணியிருப்பேன்!

பணியில் சேர்ந்த புதிதில், மாற்று நிலையத்தின் வானிலையைக் கேட்ட விமானி ஒருவருக்கு அதே பழக்கத்தில் ஊகித்து விடை சொல்லிவிட்டாராம். அருகிலிருந்த மேலாளர் உடனே திருத்தி, பிறகு தனியே அழைத்து, "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல். ஊகத்தை மட்டும் உண்மைபோல் சொல்லாதே" என்றாராம். நான் பத்து வயதில் கற்றுத்தர வேண்டியதை அவர் இருபத்து மூன்று வயதில் வேறொருவரிடம் கற்றிருக்கிறார்.

இது சிறிய செய்தி அன்று. 2014 மார்ச் 8-ஆம் நாள் 239 பேருடன் காணாமற்போன எம்எச்370 விமானத்தை நாம் யாரும் மறக்கவில்லை. அதிகாலை 1.19 மணிக்குக் கடைசிக் குரல் கேட்டது. 2 மணி அளவில், விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக நிறுவனத்தின் இயக்க மையத்திலிருந்து வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்திற்குத் தகவல் சென்றது. அது திரையில் தெரிந்த இடம். திட்டமிட்ட வழியை வைத்துக் கணினி ஊகித்துக் காட்டிய இடம். அதனை நம்பத்தக்கதாகக் கொள்ள இயலாது என்று இயக்க மையம் தெரிவித்தபோது மணி 3.30. 2018-இல் வெளிவந்த மலேசிய விசாரணை அறிக்கையில் இவை பதிவாகியுள்ளன. விமானம் மறைந்ததற்கு இது காரணம் என்று நான் சொல்லவில்லை; காரணத்தை அந்த அறிக்கையாலும் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால், தேடலுக்கு மிக அரிய அந்த நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், ஓர் ஊகம் உண்மையாகக் கொள்ளப்பட்டிருந்தது. தவறு யாருடையது என்று ஆராய்வது நம் வேலையன்று. ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைக்குக் கற்பிப்பது நம் வேலை.

'தெரியாது என்று சொல்ல விட்டால் மாணவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள்' என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். அவர் அச்சம் நியாயமானதே. ஆதலால் 'தெரியாது' என்பதோடு நிறுத்தவிடக் கூடாது. 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று முடிக்கப் பழக்க வேண்டும். மறுநாள் மறவாமல் கேட்கவும் வேண்டும். இது நமக்குக் கூடுதல் வேலைதான், செய்யத்தக்க வேலை.

நாம் செய்யக்கூடியவை

1. கணிதப் பாடத்தில் எண்ணுக்குக் கொடுக்கும் மதிப்பை அலகுக்கும் கொடுப்போம்.

2. விடை சொல்லும் மாணவனிடம் 'உறுதியாகத் தெரியுமா, ஊகமா?' என்று அன்பாகக் கேட்போம். ஊகம் என்று ஒப்புக்கொள்பவனைப் பாராட்டுவோம்.

3. தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிக்கு மருத்துவரையும் வழக்கறிஞரையும் மட்டும் அழைக்காமல், விமான நிலையத்தில் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகளையும் அழைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்குத் துணைநிற்கலாம்.

4. பெற்றோர்களே, பிள்ளை விமானியாக ஆசைப்பட்டால் 'நமக்கு வசதியில்லை' என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெற்றவருக்குத் தரையிலும் வழிகள் உண்டு. விமான இயக்க அதிகாரி உரிமத்திற்குப் பன்னாட்டு சிவில் விமான அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச வயது 21. இடைநிலைப்பள்ளி முடித்து ஆயத்தமாக நேரம் இருக்கிறது. இரவு வேலையும் பண்டிகை நாள் வேலையும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் மாணவரும் தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையே பணிக்குத் திரும்பிவிட்டார்.

புறப்படும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை டீச்சர்" என்று காலில் விழுந்து வணங்கிவிட்டுச் சென்றார். அதற்கு அடுத்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், விமானம் ஏன் காற்றில் விழாமல் நிற்கிறது?" என்று கேட்டாள். எனக்குத் தெளிவாக விளக்கத் தெரியவில்லை. "தெரியாதம்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். வகுப்பே வியந்து பார்த்தது. அன்றிரவு படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்.

நீங்களும் உங்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.