உயரம் விற்பவர்கள்

ஒரு பிக்கப் ட்ரக்கை இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்த அமெரிக்காவில் 180 டாலர் போதும். நான் கொடுத்த தொகை அது. முன்பக்கம் ஸ்ட்ரட்டின் தலையில் வைக்க இரண்டு அலுமினிய வட்டுகள், பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் செருக இரண்டு இரும்புக் கட்டைகள், கொஞ்சம் போல்ட்டு நட்டு. ஒரு சனிக்கிழமை மாலைக்குள் மாட்டிவிட்டேன். பதினோரு வருடப் பழைய டொயோட்டா டகோமா திடீரென்று மலையேறத் துடிக்கும் மிருகம் மாதிரி தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். தெரிந்த பொறியாளர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா மட்டும் திருப்பி அழைத்தார்.

"ஏஞ்சாமி, வண்டி நல்லாத்தானே நின்னுச்சு, எதுக்குத் தூக்கி வச்சிருக்க? எத்தன லோடு ஏத்தறே?"

லோடு எல்லாம் இல்லை பெரியப்பா, சும்மா ஆஃப்ரோடு போக என்றேன்.

"லோடு தெரியாம பட்டைல கைய வெக்கலாமா?" என்றார். சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். கேம்பஸ் இண்டர்வியூவில் மென்பொருள் நிறுவனம் அள்ளிக்கொண்டு போனதால் கடந்த பதினான்கு வருடமாக என் கையில் கிரீஸ் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் சஸ்பென்ஷன் கணக்கு எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தும் செய்தேன் என்பதால்தான் இந்தக் கட்டுரை. தெரியாமல் ஏமாறுகிறவர்களைத் திட்ட எனக்கு உரிமையில்லை. தெரிந்தே விற்கிறவர்கள் மேலும், தெரிந்தே வாங்கும் என்னைப் போன்றவர்கள் மேலும்தான் என் கோபம்.

முதலில் அந்த இரண்டு அங்குலம் என்ன தருகிறது என்று பார்ப்போம்.

டகோமா போன்ற பிக்கப்புகளில் பின்பக்கம் ஒரே திடமான ஆக்ஸில். நடுவில் பூசணிக்காய் போல டிஃபரன்ஷியல். பாறையில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதுதான். பட்டைக்கடியில் நீங்கள் எத்தனை கட்டை வைத்தாலும் பாடிதான் மேலே போகும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் ஆரம். 31 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால் டிஃபரன்ஷியல் ஒரே ஒரு அங்குலம் உயரும். பெயரில் 'லிஃப்ட்' என்று இருப்பது பாறைக்கு முன்னால் உங்கள் வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தூக்கவே இல்லை.

முன்பக்கம் இன்னும் மோசம். ஸ்ட்ரட் தலையில் வட்டு வைப்பதால் ஷாக்கின் நீளம் மாறுவதில்லை. எனவே சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுவதில்லை. அதே தூரம் அப்படியே கீழே நகர்கிறது. மேல் கையின் பால் ஜாயிண்ட்டும் ஆக்ஸிலின் சிவி ஜாயிண்ட்டும் வடிவமைத்தவர் நினைக்காத கோணத்தில் நாள் முழுக்க வேலை செய்கின்றன. ரப்பர் உறை சீக்கிரம் கிழிகிறது, கிரீஸ் வெளியே வருகிறது, மணல் உள்ளே போகிறது. 180 டாலரின் மிச்சத் தவணை இங்கே ஆரம்பிக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாடி உயர்ந்தால் மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காது, முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாது. பெரிய டயர் உரசாமல் சுழல இடம் கிடைக்கும். பாறைமேல் ஊர்ந்து போவதையே பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு இவை தேவைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படி? வருடத்தில் மூன்று நான்கு தடவை பாலைவனத்து மண்பாதையில் போய்க் கூடாரம் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு எதிரி பாறை இல்லை. எதிரி, பாதையில் அலையலையாக இறுகிக் கிடக்கும் வரிமேடு. இங்கே அதை வாஷ்போர்டு என்கிறார்கள், துணி துவைக்கும் பலகை.

என் வண்டி கற்றுக்கொடுத்ததும் அங்கேதான். மொஹாவி ரோடு, கொலராடோ நதிக்கரையில் தொடங்கி கலிஃபோர்னியப் பாலைவனத்தைக் குறுக்காகக் கடக்கும் பழைய வண்டிப்பாதை. ஏறத்தாழ 138 மைல். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. வண்டியில் மனைவி, நான்கு வயது மகள். கூரை உயரத்தில் கூடாரம், முன்னால் எஃகு பம்பர், பின்னால் ஃபிரிட்ஜ், தண்ணீர், எக்ஸ்ட்ரா பெட்ரோல். தூக்கிய வண்டியில் சும்மாவா போவது?

இரண்டாம் நாள் மதியம், ஒரு மணிநேரம் வரிமேட்டில் ஓட்டிய பிறகு, ஒரு சாதாரண வளைவில் வண்டியின் பின்பக்கம் என் பேச்சைக் கேட்காமல் தனியாக வெளியே நடந்தது. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்தேன். இடது சக்கரங்கள் மணலில் புதைந்தன, வண்டி சாய்ந்தது, சாய்ந்தபடியே சில நொடி யோசித்தது. பிறகு மனம் மாறி நான்கு சக்கரத்தில் உட்கார்ந்தது. "அப்பா, நம்ம விழுந்துட்டமா?" என்று பின்னால் இருந்து குரல். இல்லடா கண்ணு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறங்கிப் பார்த்தால் பின் ஷாக்குகளில் ஒன்று எண்ணெய் வடிந்து காய்ந்திருந்தது. இன்னொன்றைத் தொட முடியாத சூடு.

நடந்தது மர்மம் இல்லை. ஷாக் அப்சார்பரின் வேலை அசைவை வெப்பமாக்குவது. வரிமேட்டில் அது நொடிக்குப் பல தடவை அசைகிறது, எண்ணெய் கொதிக்கிறது, காற்றோடு கலந்து நுரைக்கிறது. நுரை எதையும் அடக்காது. நான் வைத்த கட்டையால் கம்பெனி ஷாக் ஏற்கெனவே நீண்ட நிலையிலேயே நின்றது. ஒவ்வொரு குழியிலும் அது முழுநீளத்துக்கு இழுபட்டு உள்ளே இடித்தது, சீல் போனது. எடையைக் கூட்டினால் பழைய ஷாக்கின் அடக்கும் விகிதம் குறையும் என்பது மூன்றாம் வருட வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட சூத்திரம். சாய்வதற்கான கணக்கோ அதைவிட எளிது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பயன்படுத்தும் நிலைத்தன்மை எண், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுத்தால் வருவது. கணக்குக்கு அகலம் 1.6 மீட்டர், உயரம் 0.7 மீட்டர் என்று வையுங்கள்: 1.14. மையம் ஐந்து சென்டிமீட்டர் ஏறினால் 1.07. கூடாரத்தை மேலே ஏற்றினால் இன்னும் இறங்கும். காசு கொடுத்து நான் வாங்கியது இந்தச் சரிவை.

'பட்ஜெட்டில் இவ்வளவுதான் முடியும்' என்பார்கள். இதைத்தான் நான் முழுமூச்சாக மறுக்கிறேன். சஸ்பென்ஷன் வரலாற்றிலேயே மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று ஏழைகளுக்காகச் செய்த வண்டியில் நடந்தது. பிரெஞ்சு சித்ரோன் 2சிவி, 1948 பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தபோது 375 சிசி, 9 குதிரைத்திறன். ஒரு கூடை முட்டையை உழுத வயலின் குறுக்கே உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை. அவர்கள் அதை உயரத்தால் சாதிக்கவில்லை. எடையைக் குறைத்து, ஸ்பிரிங்கை மென்மையாக்கி, சக்கரம் நெடுந்தூரம் ஆட இடம் கொடுத்தார்கள். பணம் குறைவு என்பது மட்டமானதை வாங்க அனுமதிச் சீட்டு ஆகாது. எதை முதலில் செய்வது என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் அது.

அந்த வரிசையை என் காசில் கற்றேன், உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். முதலில் எடை. லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் சில டாலருக்கு எடை போட்டுச் சீட்டுத் தருவார்கள். குடும்பத்தோடும் மூட்டையோடும் ஏற்றி நிறுத்துங்கள், கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் அளவைத் தாண்டியிருந்தேன். பம்பரையும் கூடாரத்தையும் விற்றேன், செலவுக்குப் பதில் வரவு. இரண்டாவது காற்று. டயர் பிரஷரை 35-லிருந்து 20-க்கு இறக்கி, வேகத்தையும் குறைத்தால் வரிமேடு பாதி காணாமல் போகும். திரும்பத் தார்ச்சாலை ஏறும்போது நிரப்ப ஒரு சின்னக் கம்ப்ரஸர், ஒரு நல்ல கேஜ், நூறு டாலர் சொச்சம். மூன்றாவது தேய்ந்த புஷ்களும் பால் ஜாயிண்ட்டுகளும். அதன் பிறகுதான் ஷாக். வண்டியின் உண்மையான எடைக்குப் பொருந்தும் மோனோட்யூப் வகை, நான்கும் சேர்த்து அறுநூறு டாலருக்குள் முடிந்தது. பின்பக்கத்தை நானே மாற்றினேன். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கை அமுக்கி எடுக்கும் வேலையைக் கடையில் விட்டேன். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும், அதில் சிக்கனம் வேண்டாம். கடைசியாக அலைன்மென்ட். நிரந்தரமாகச் சுமை இருந்தால் மட்டும் எக்ஸ்ட்ரா பட்டை.

'எங்க வண்டியில ஸ்பேசர் போட்டு ஒரு லட்சம் மைல் ஓடியிருக்கு, ஒண்ணும் ஆகலையே' என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். உருண்ட வண்டிகளின் சொந்தக்காரர்கள் படம் போட்டுப் பெருமை பேசுவதில்லை, அவ்வளவுதான். பிழை இன்னும் வெளிப்படவில்லை என்பதைப் பிழை இல்லை என்று சொல்லும் ஜூனியரை நாம் அலுவலகத்தில் விடுவோமா? சனிக்கிழமை மட்டும் நமக்கு ஏன் அந்தப் புத்தி மழுங்கிப் போகிறது?

காரணம் எனக்குத் தெரியும். ஷாக் வெளியே தெரியாது, டயரில் குறைத்த காற்று படத்தில் விழாது. உயரம் தெரியும். பார்க்கிங்கில் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். விற்கிறவர்கள் விற்பது அந்தப் பார்வையை. தார்ச்சாலையை விட்டு ஒருநாளும் இறங்காத வண்டிக்கு அது அலங்காரம், போகட்டும். பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவரிடம், இன்னின்ன அபாயம் உண்டு என்று ஒரு வரிகூடப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடாமல் விற்பது அயோக்கியத்தனம். அதை எழுதச் சொல்லிக் கேட்காமல் வாங்கும் பட்டதாரிப் பொறியாளர் அதற்குத் துணைபோகிறவர்.

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீல்ல?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கழற்றிய வட்டுகளும் கட்டைகளும் கராஜில் கிடக்கின்றன. தெருக்கோடியில் அதே மாடல் ட்ரக் வைத்திருக்கும் பையன் ஒருவன், வேண்டாம் என்றால் ஐம்பது டாலருக்குத் தருகிறாயா என்று கேட்டான். தரவில்லை. பதிலாக ஒரு சனிக்கிழமை அவனை எடைமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.