"எனக்கு வருத்தமில்லையாமோ?"

அண்மையில் முல்லைத்தீவில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட அவரது மகனைப் பற்றிக் கேட்கவே போயிருந்தேன். பேச்சின் நடுவில் எழுந்துபோய், பொலித்தீன் பையொன்றிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து வந்து நீட்டினார்.

"பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

நெஞ்சடைப்பு, பெருமூச்சு, நித்திரையின்மை என்று பல வருடங்களாக வைத்தியசாலைக்கு அலைகிறார். கொப்பியில் 'என்.ஏ.டி.' என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. 'குறைபாடு எதுவும் காணப்படவில்லை' என்பதன் சுருக்கம் அது. வாசித்துச் சொன்னேன்.

"அப்ப எனக்கு வருத்தமில்லையாமோ?"

எங்கள் பேச்சில் நோய்க்கும் துயரத்துக்கும் 'வருத்தம்' என்ற ஒரே சொல்தான். பரிசோதனையில் இதயத்தில் பிழை தெரியாவிட்டால் வைத்தியர் அப்படித்தான் எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மாவிடம் இருக்கும் வருத்தத்துக்குக் கொப்பியில் சொல் இல்லை.

மருத்துவச் சொற்கள் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறப்பவையல்ல. பல சொற்கள் யுத்தங்களில் பிறந்தவை. எங்களில் பலருடைய உடம்பில் இன்னும் கிடக்கும் 'செல் பீஸை' ஆங்கிலத்தில் 'ஷ்ரப்னல்' என்பார்கள். அது ஹென்றி ஷ்ரப்னல் என்ற பிரித்தானிய பீரங்கிப்படை அதிகாரியின் பெயர். அவர் உருவாக்கிய குண்டின் பெயராக இருந்து, பின்னர் சிதறும் துண்டுகளுக்கே ஆகிவிட்டது. துண்டிக்கப்பட்ட காலில் வலி எடுப்பதை 'ஃபன்டம் லிம்ப்' என்பார்கள். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் அவயவம் இழந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வீர் மிச்செல் 1871இல் எழுதிய பெயர் அது. 'பி.ரி.எஸ்.டி.' 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பிடித்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக எழுந்த குரல்களும் அதற்கு ஒரு காரணம். பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடன் நின்றவர்களும் கேட்டதால்தான் அந்தத் துன்பத்துக்கு ஏட்டில் இடம் கிடைத்தது.

'ட்ரோமா' என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் காயம். தமிழில் அதை இரணம் என்போம். 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் தந்தபோது 'இரண வைத்தியம்' என்றே பெயரிட்டார். மேலைத்தேய மருத்துவம் கற்பித்து 60 இற்கும் மேற்பட்டவர்களை உருவாக்கினார். அவர்களில் பெரும்பாலானோர் தமிழிலேயே கற்றார்கள். அதே வடக்கில் இன்று, தமிழ் வைத்தியர் தமிழ் நோயாளிக்கு எழுதும் குறிப்பை வாசிக்க மூன்றாவது ஆள் தேவைப்படுகிறது.

அந்த அம்மாவின் நிலைக்குப் பொருந்தும் சொல்லொன்றும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார். இறந்தாரா, இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'முடிவறியா இழப்பு' எனலாம். இதில் பிழை மனிதரிடம் இல்லை, அவர் தள்ளப்பட்ட சூழ்நிலையில்தான் இருக்கிறது என்பது அவரது வாதம். எங்களுக்கு முக்கியமானது அதுதான். 'மனநோய்' என்று எழுதினால் பிரச்சினை தாயின் தலைக்குள் போய்விடும். 'முடிவறியா இழப்பு' என்று எழுதினால், முடிவைச் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும்.

அரசின் சொற்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2016இல் மரணப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி செய்யப்பட்டது. அதே ஆண்டின் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரிலும் 'காணாமல்போன' என்றுதான் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதிக்கு வந்த தாய்மாரோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். 'போன' என்றால் போனவரோடு கதை முடிந்துவிடும். 'ஆக்கப்பட்ட' என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார்.

சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நித்திரைக்கு மருந்து தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எழுதிய சொல்லின் பொருளைத் தமிழில் கேட்பது நோயாளியின் உரிமை. கிளினிக் கொப்பியில் ஒரு வரி தமிழில் எழுதுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

புறப்படும்போது அந்த அம்மா கொப்பியைத் திரும்பவும் நீட்டினார். ஒரு துண்டில் அவர் சொன்னபடியே எழுதி உள்ளே வைத்தேன்: "2009இல் மகனைக் கையில பிடிச்சுக் குடுத்தனான். அன்றிலயிருந்து நித்திரை இல்லை." அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் அதை முதலில் காட்டச் சொன்னேன்.