தெரியாமல் விழுங்கும் நஞ்சு

அமெரிக்காவில் 2022இல் மட்டும் போதை மருந்து அளவு மீறி மாண்டவர்கள் சுமார் 1,08,000 பேர். இவர்களில் ஏறத்தாழ 74,000 பேரின் சாவில் ஃபென்டனில் முதலான செயற்கை அபின் ரசாயனங்கள் இருந்தன.

மாண்டவர்களில் எத்தனையோ பேர் ஃபென்டனிலைத் தேடிப் போனவர்களல்ல. ஹெராயின் என்றோ வலி மாத்திரை என்றோ நம்பி வாங்கியவர்கள். ஹெராயினைவிட அது சுமார் 50 மடங்கு வீரியமுள்ளது, மலிவானது, கடத்துவது சுலபம். ஆகவே கள்ளச் சந்தைக்காரன் கலக்கிறான். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாடகர் பிரின்ஸ் 2016இல் மாண்டதும் இத்தகைய போலி மாத்திரையால்தான் என்று அரசு வழக்கறிஞர் 2018இல் அறிவித்தார்.

"தெரிந்தேதானே நஞ்சைத் தின்றான்!" என்று உபதேசிப்போர் உண்டு. தெரியாமல்தான் தின்றான் என்பதே உண்மை. பழக்கத்தைப் பரப்பியது யார்? 1996 முதல் ஆக்ஸிகான்டின் மாத்திரையை விற்றுக் கோடி கோடியாகக் குவித்தது பர்டூ பார்மா கம்பெனி. 2020இல் அது கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கலப்படத்தைக் காட்டும் சோதனைத் தாள் உண்டு. அதை வைத்திருப்பதே குற்றம் எனப் பல மாநிலச் சட்டங்கள் நெடுங்காலம் கூறின. அண்மை ஆண்டுகளில்தான் பெரும்பாலானவை திருந்தின. ஆனால் அத்தாள் நஞ்சின் அளவைச் சொல்லாது. நிடாசீன் எனும் புதிய நஞ்சையும் காட்டாது. எனவே தாள் மட்டும் போதாது. சரக்கைப் பரிசோதிக்கும் நிலையங்களும், மூச்சை மீட்கும் நலாக்ஸோன் மருந்தும், சிகிச்சையும் வேண்டும்.

2024இல் சாவு சுமார் 80,000 ஆகக் குறைந்தது. இது தலைவிதியல்ல, தடுக்கக்கூடியதே. தடுக்கும் சாதனங்களை ஏழைக்கும் இலவசமாகத் தருவது சர்க்காரின் கடமை என்று நாம் கூறுகிறோம்.