பழுது நாடல்

ஓர் இயந்திரம் முற்றும் நின்றுவிடுமாயின் அதன் பழுதைக் காண்டல் அத்துணை அரிதன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணம் தடுமாறி, மீண்டும் ஒன்றும் நிகழாததுபோல் ஓடுமாயின், அப்பழுதே காண்டற்கரியது. பட்டறையில் அது தோன்றாது, மலைவழியில் தோன்றும். இத்தகைய பழுதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. காரணம் விளங்குமுன் எவ்வுறுப்பையும் மாற்றலாகாது, எம்மனிதரையும் பழித்தலாகாது என்பதே அது. தமிழ் ஆனர்ஸ் மாணவன் மோட்டார் வண்டியைப்பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் இக்கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள்வாராக.

என் தாய்மாமன் கொல்லிமலைமேல் மிளகும் காப்பியும் பயிரிடுபவர். விளைபொருளைக் கீழே கொணர்தற்குப் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். கார்புரேட்டரும், பாயிண்டுடன் கூடிய டிஸ்டிரிபியூட்டரும், கையால் மாற்றும் கியரும் உடையது அது. புதிய வண்டிகளிலுள்ள கணிப்பொறி பழுதின் குறியைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். இம்முதிய வண்டிக்கு அத்தகைய நினைவு இல்லை. சிற்சில வேளைகளில் நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. ஆதலின் அம்மலையின் 70 கொண்டையூசி வளைவுகளுள் ஒன்றில் அது தடுமாறுமாயின், அதனைச் சிறு செய்தியென்று தள்ளுதற்கில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் அங்குச் சென்றபோது, அத்தடுமாற்றம் தொடங்கி இரண்டு திங்கள் ஆகியிருந்தன. ஏற்றத்தில் கிளட்சை விடுத்து ஆக்சிலேட்டரை மிதிக்குங்கால் வண்டி இருமுறை உலுக்கும். பின்னர்ச் செவ்வனே ஏறும். ஒரு நாள் பத்து முறை நிகழும். மறுநாள் ஒரு முறையும் நிகழாது. பட்டறையார் முதலில் ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் மாற்றினர். அடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தனர். அதன்பின் பெட்ரோல் பம்பை மாற்றினர். ஒவ்வொரு முறையும் வண்டி ஓரிரு நாள் நன்றாக ஓடிற்று. நோய் தீர்ந்ததென்றே யாவரும் எண்ணினர். விட்டுவிட்டு வரும் பழுதின் வஞ்சனை இதுவே. அது தானே ஒளிந்திருக்கும் நாள்களை நாம் மருந்தின் பயனாகக் கொள்கிறோம்.

மூன்றும் பொய்த்தபின் குற்றம் சாரதிமேல் வந்தது. “கிளட்சை விடத் தெரியவில்லை, வயதாகிவிட்டது” என்றனர். 22 ஆண்டுகள் அம்மலைவழியில் வண்டியோட்டிய முதியவர் மறுமொழி கூறாது தலை கவிழ்ந்து நின்றார். கிளட்ச் பிளேட்டையும் மாற்றுவது, சாரதியையும் மாற்றுவது என்று என் மாமன் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். உண்மையை மறைப்பானேன்? முதல் நாள் யானும் அம்முதியவரையே ஐயுற்றேன்.

இயந்திர நூலில் என் அறிவு சிறிது. எங்கள் விடுதியில் பௌதிகம் பயிலும் தோழர் ஒருவரைத் தொலைபேசியில் வினவினேன். “ஒன்றையும் மாற்றாதே, எப்பொழுது நிகழ்கிறது, எப்பொழுது நிகழவில்லை என்று எழுது” என்றார் அவர். அவ்வாறே குறிப்பேடும் கையுமாகச் சாரதியின் அருகே மூன்று நாள் அமர்ந்து சென்றேன். அப்பழுதைப்பற்றி மிகுதியும் அறிந்தவர் அவரே என்பதும், அவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கின. “பெட்ரோல் வராமற் போனால் வண்டி இளைத்து இளைத்து நிற்கும், தம்பி. இது அப்படியில்லை. விளக்கை அணைத்து உடனே ஏற்றினாற்போல் இருக்கிறது” என்றார்.

அச்சொல்லில் பாதி ஆராய்ச்சி அடங்கியிருந்தது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் சிறிது பெட்ரோல் தேங்கியிருக்குமாதலின், பெட்ரோல் வரவு குறைந்தால் ஆற்றல் பெரும்பாலும் மெல்லெனவே தளரும். மின்சாரமோ அவ்வாறன்று. நான்கு சிலிண்டர் கொண்ட இத்தகைய இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், நொடிக்கு 100 தீப்பொறிகள் வேண்டும். அரை நொடி இணைப்பு அறுந்தால் 50 தீப்பொறிகள் தவறும். இயந்திரம் வெட்டெனத் துவளும். இணைப்பு மீண்டவுடன் வெட்டென எழும்.

மூன்று நாளில் 17 முறை தடுமாற்றம் நிகழ்ந்தது. காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் ஒப்ப நிகழ்ந்தமையால், சூடேறியபின் கெடும் காயிலையும் கண்டன்சரையும் ஐயுறுதல் பிற்பட்டது. நின்ற இடத்தில் கியர் பூட்டாது முடுக்கியபோது ஒரு முறையும் நிகழவில்லை. கியர் பூட்டிப் பாரம் ஏறி, இயந்திரம் தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஒருபுறம் சாயுங்கால் மட்டுமே நிகழ்ந்தது. என் மாமன் தாமே ஓட்டியபோதும் நிகழ்ந்தது.

அவ்வண்டியில் காயில் உடற்பகுதியில் பொருத்தப்பட்டுள்ளது. டிஸ்டிரிபியூட்டரோ இயந்திரத்தின்மேல் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் மெல்லிய ஒயர், இயந்திரம் சாயுந்தோறும் மடங்கும். வண்டியை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டு, அவ்வொயரை மெல்ல மடக்கினோம், இயந்திரம் தடுமாறிற்று. விடுத்தோம், சீராயிற்று. வேறோர் ஒயரை இணைத்து அதே ஏற்றத்தில் மும்முறை ஏறினோம், குறையில்லை. பழையதையே மீண்டும் பூட்டினோம். தடுமாற்றம் திரும்பி வந்தது. அதன் உறையை அரிந்து பார்த்தால், உள்ளிருந்த செம்பிழைகளுள் ஒன்றிரண்டே அறாது எஞ்சியிருந்தன. தேய்ந்துபோன ரப்பர்த் தாங்கி அசைவை மிகுவித்து அவ்வொயரைக் கெடுத்திருந்தது. கிளட்சை விடும்போது தடுமாற்றம் நிகழ்ந்தது மெய். கிளட்சால் நிகழ்ந்தது என்பது பொய். உடன் நிகழ்வது வேறு, காரணம் வேறு.

“இவ்வாறு மூன்று நாள் செலவிடப் பட்டறையாருக்குப் பொழுது ஏது? ஐயத்திற்குரிய உறுப்பை மாற்றிப் பார்ப்பதே விரைவு” என்பர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பிளக்கும் பாயிண்டும் தேய்பவை; அவற்றைக் காலந்தோறும் மாற்றுதல் முறையே. ஆனால் அது பராமரிப்பு, ஆராய்ச்சியன்று. காரணம் அறியாது ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால் பொருள் வீணாவதோடு, புதிய உறுப்பால் புதிய குறை புகவும் கூடும். இரண்டை ஒருங்கே மாற்றிவிட்டாலோ எது தீர்த்தது என்பதே தெரியாது. இரண்டு திங்கள் செலவிட்டும் காணாததை மூன்று நாள் குறிப்பு காட்டிற்று. ஆகவே எது விரைவு?

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய நெறியன்று. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துவது. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பொருள் விளங்காத இடத்தில் தம் மனம்போனவாறு சொல்லை மாற்றினாரில்லை. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடங் கண்டார். ஏட்டிற்கு நாம் காட்டும் இப்பொறுமையை வண்டிக்கும், வண்டியினும் மேலாக அதனை ஓட்டும் மனிதருக்கும் காட்டுதல் கடனன்றோ?

பழைய வண்டி வைத்திருப்போர் எழுதுகோலும் குறிப்பேடும் அதில் வைத்திருப்பாராக. பழுது நேர்ந்தால் முதற்கண் ஓட்டியவரைக் கேட்பாராக. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவாராக. அந்த ஒயரின் விலை ஒரு வேளை உணவின் விலைகூட இல்லை. அதன் பொருட்டு ஒரு முதியவரின் பிழைப்புப் போயிருக்கும். வண்டி இன்றும் மலையேறுகிறது, ஓட்டுபவர் அவரே.