ஏற்காடு ஏரிப் படகுகளின் மதிப்பிழப்பு குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், சேலம், மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், சென்னை.

அனுப்புநர்: ஏற்காடு ஏரியை நம்பித் தொழில் செய்வோரின் சங்கம்.

பொருள்: புதுப் படகு கொள்முதல், தேய்மானக் கணக்கு, பழுதுபார்ப்பு, ஏலம் ஆகியவற்றில் மாற்றம் கோருதல்.

புதுப் படகு ஒன்றின் விலையில் கணிசமான பங்கு, அது தண்ணீரில் இறங்கும் முன்பே திரும்பி வராத பணமாகிவிடுகிறது. பட்டறை விலை, அதன் மேல் வரி, லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி என்று கொள்முதல் கணக்கில் பல தொகைகள் ஏறுகின்றன. மறுநாளே விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் பேசப்போவது பட்டறை விலையைப் பற்றி மட்டும்தான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது உல்லாசப் படகுகள் 28 சதவீத அடுக்கில் வைக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் துடுப்புப் படகுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. உல்லாசத்துக்கும் விளையாட்டுக்குமான பிற படகுகளுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. பட்டறையில் ஒரு லட்சம் ரூபாய் விலை சொல்லப்படும் படகு இந்த மேல் அடுக்கில் விழுந்தால் 1.40 லட்சம் ஆகிறது. உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைத்தாலொழிய, அந்த 40,000 ரூபாய் எந்த ஏலக் கேள்வியிலும் மீளாது.

ஏற்காட்டில் இந்த இழப்பு இன்னும் கூடுகிறது. ஃபைபர் படகுக் கட்டுமானம் பெரும்பாலும் கடலோரத் தொழில். அங்கிருந்து வரும் படகு சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைக்கு வந்தாக வேண்டும். கட்டிய கயிறு வளைவுக்கு வளைவு உராய்ந்து, ஏரியைக் காணும் முன்பே விளிம்பில் கோடு விழுந்த படகுகள் உண்டு. பழைய படகை வாங்க வருபவர் அதே வளைவுகளில் அதை இறக்க வேண்டும். அந்த வாடகையையும் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். ஆகவே ஒரே படகுக்கு மலைச்சாலைச் செலவு இரண்டு முறை விழுகிறது, இரண்டு முறையும் விற்பவர் தலையில்.

வாங்க ஆள் இல்லாததே மதிப்பிழப்பின் முதன்மைக் காரணம். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ பழைய ஃபைபர் மீன்பிடிப் படகு விற்பனைக்கு வந்தால் பார்க்க நாலு பேர் வருவார்கள்; அதை வைத்து அடுத்த நாளே தொழிலுக்குப் போக முடியும். அந்தச் சந்தைக்கும் ஆட்டம் வந்ததுண்டு. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரையெங்கும் வந்து குவிந்தபோது, தேவைக்கு மேல் படகு என்றும் தரக்குறைவு என்றும் மீனவர்களே குறைபட்டார்கள். மிதிபடகுக்கு அந்த அளவு சந்தைகூட இல்லை. இன்னொரு படகு இல்லமோ தனியார் பொழுதுபோக்குப் பூங்காவோதான் அதை வாங்கும். அன்னம் போன்ற உருவம் கொண்டதாக இருந்தால் அந்த வட்டமும் சுருங்கும். கோடை விழாவுக்குப் புதுமையாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுக்கப்படும் உருவம்தான் விற்கும்போது விலையைக் கெடுக்கிறது.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் புதுப் படகு முதல் ஆண்டில் 10 முதல் 15 சதவீத மதிப்பை இழக்கும் என்பது விற்பனையாளர்களின் பொதுக் கணக்கு. அங்கே பழைய படகுகளுக்கு மாதிரிவாரியாக விலைக் கையேடுகள் உண்டு. படகைச் சோதித்து அறிக்கை தரும் மதிப்பீட்டாளர்களும் உண்டு. இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கு அப்படியொரு அட்டவணை காப்பீட்டில் இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. சேலத்தில் பழைய ஸ்கூட்டர் விற்பவருக்குக் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏரிப் படகு விற்பவருக்கு இல்லை.

பொருளின் தேய்வைப் பொறுத்தவரை ஏற்காட்டுக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. நன்னீர் ஏரி என்பதால் முட்டுக்காடு போன்ற உப்பங்கழியில் இரும்பை அரிக்கும் உப்பு இங்கே இல்லை. ஆனால் 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் புற ஊதாக் கதிரின் வீச்சு அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீதம் கூடும். ஃபைபர் படகின் மேற்பூச்சான ஜெல் கோட் இந்த வெயிலில் பளபளப்பை இழந்து, கையால் தடவினால் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டும் நிலைக்கு வருகிறது. அதில் விரிசல் விட்டால் நீர் உள்ளே கசிகிறது. மிதிபடகின் இரட்டைச் சுவருக்கு நடுவே நிரப்பிய நுரைப்பொருள் நீரை உறிஞ்சிவிட்டால் படகு ஒருபக்கம் தாழ்ந்து மிதக்கும். ஏறுபவர் பயப்படுவார், ஓட்டுபவர் அந்தப் படகை ஒதுக்குவார். வெளிப்பார்வைக்குப் புதிதாக இருந்தும் ஒரு சீசனில் கரையேறிவிடும் படகுகளின் கதை பெரும்பாலும் இதுதான். அதற்கும் முந்தியே, மிதிக்கட்டையின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, மிதிக்கும்போது கடகடவென்று சத்தம் எழும். அப்போதே மாற்றினால் சில நூறு ரூபாயோடு முடியும். விட்டால் அச்சு சாய்ந்து, அது துளைத்துச் செல்லும் உடற்பகுதியே கிழிகிறது.

விசைப்படகில் மதிப்பு வேகமாகக் கரைவது இன்ஜினில். காற்று மெலிந்த உயரத்தில் சாதாரண இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். ஏற்காட்டு உயரத்தில் இது எட்டில் ஒரு பங்கை நெருங்குகிறது. சமவெளிக்கென்று பொருத்திய உந்துவிசிறியோடு அப்படியே ஓட்டினால், குறைந்த வேகத்தை ஈடுகட்ட ஓட்டுநர் முறுக்கிக்கொண்டே இருப்பார். இன்ஜின் வயதை மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. ஓடிய மணிநேரம் எழுதப்படாத இன்ஜினுக்கு அவர் மிக மோசமான கணக்கையே போடுவார், அதில் தவறில்லை.

கணக்கேடுகள் இந்த உண்மைக்கு இரு திசைகளில் விலகி நிற்கின்றன. 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் உள்நாட்டு நீர்நிலைப் படகுகளுக்கு எஞ்சிய மதிப்பின் மீது ஆண்டுக்கு 20 சதவீதத் தேய்மானம் தந்தன. அதன்படி ஒரு லட்ச ரூபாய்ப் படகு ஐந்தாண்டு முடிவில் 32,768 ரூபாயாகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ வேகப் படகுக்கு 13 ஆண்டு, பிற உள்நாட்டுக் கலங்களுக்கு 28 ஆண்டு ஆயுள் வகுக்கிறது. ஐந்து சதவீத எஞ்சுமதிப்பு வைத்து நேர்கோட்டு முறையில் கணக்கிட்டால், 28 ஆண்டு வரிசையில் சேர்த்த அதே படகு ஐந்தாண்டுக்குப் பின்னும் 83,000 ரூபாய் என்று ஏட்டில் நிற்கும். மிதிபடகு 28 ஆண்டு மிதக்கும் என்று ஏரிக்கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஏட்டு மதிப்பு உயரத்தில் இருக்கும்வரை அந்தப் படகை அடிமாட்டு விலைக்கு விற்க எந்த அலுவலரும் துணிவதில்லை. தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். படகு கரையிலேயே கிடந்து, விற்றிருந்தால் கிடைத்திருக்கும் கொஞ்சப் பணமும் மழையில் போகிறது.

அதே அட்டவணை இரு வழிகளைத் திறந்தும் வைத்திருக்கிறது. தொழில்நுட்பக் காரணம் காட்டினால் வேறு ஆயுளைக் கொள்ளலாம். சொத்தின் முக்கியப் பகுதி ஒன்றின் ஆயுள் வேறாக இருந்தால் அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஆகவே முதல் கோரிக்கை: ஏற்காட்டுப் படகுகளின் உடலும் இன்ஜினும் சொத்துப் பதிவேட்டில் தனித்தனி வரிகளாக ஏற வேண்டும், மிதிபடகின் உண்மையான ஆயுளைத் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவர் கரைக்கு வந்து பார்த்து நிர்ணயிக்க வேண்டும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு கையேடு வேண்டும்: இறங்கிய நாள், ஓடிய மணிநேரம், மாற்றிய புஷ், ஒட்டிய இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கொள்முதலில், 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டு, விலையோடு உதிரிபாக இருப்பு, மலையேறி வந்து செய்யும் பராமரிப்பு, உத்தரவாத ஆண்டுகள் ஆகியவையும் நிபந்தனைகளாக வேண்டும். வரி அடுக்கு எது என்பது ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே குறிக்கப்பட வேண்டும். விசைப்படகுக்கு உயரத்துக்கேற்ற உந்துவிசிறி கேட்டு வாங்கப்பட வேண்டும். உடல் உறுதியாக இருக்கும் படகுகளுக்குப் புது மேற்பூச்சும் புது மிதி அமைப்பும் போடுவது புதுப் படகு வாங்குவதற்கு முன் பரிசீலிக்கப்பட வேண்டும். முதல் சில ஆண்டுகளின் செங்குத்தான இழப்பை ஏற்கெனவே தாங்கிவிட்ட படகு அது.

மலிவு என்பதற்காகச் சோதனையில்லாத பழைய படகை வெளியிலிருந்து வாங்குவதை இச்சங்கம் கேட்கவில்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு.

பழுதுபார்ப்புக்குக் காலம் முக்கியம். ஃபைபர் ஒட்டுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் குளிரிலும் ஈரத்திலும் சரியாக இறுகாது. வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேலை பாழ். மார்கழிப் பனிமூட்டத்தில் போட்ட ஒட்டு சித்திரைக் கூட்டத்தில் பிரிந்து வருவது இதனால்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட பகல்களில் இந்த வேலை முடியும்படி நிதி ஜனவரிக்குள் ஒதுக்கப்பட வேண்டும். ஏப்ரலில் நிதி வந்து மே மாதத்தில் படகு கொட்டகையில் கிடந்தால், துடுப்புப் போடுபவருக்கும் கரையில் சோளம் சுடுபவருக்கும் ஆண்டின் வருமானமே அடிபடுகிறது. மற்ற மாதங்களில் ஓடாத படகுகளுக்குக் கூரையோ, குறைந்தபட்சம் தார்ப்பாயோ தர வேண்டும்; ஜெல் கோட்டைக் காக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஒதுக்கப்பட்ட படகுகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில், வாங்குவோர் தங்கள் கோடைக்கு ஆயத்தமாகும் நேரத்தில், கையேட்டுடன் சேர்த்துப் பொது ஏலம் விடப்பட வேண்டும். இன்ஜினும் உடலும் தனித்தனியே கேட்கப்பட இடம் வேண்டும், ஏனெனில் மீனவர் ஒருவருக்கு இன்ஜின் போதும். ஏலத்தில் வரும் தொகை ஏற்காட்டுப் படகுகளின் பழுதுபார்ப்பு நிதியிலேயே சேர்க்கப்பட்டு, அதன் வரவு செலவு படகு இல்ல அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது.