ஆறாம் படிவ மாணவர்களுக்கும் எஸ்.டி.பி.எம். தமிழ் வகுப்புகளுக்கும் ஆதரவு கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு முதலமைச்சர், பினாங்கு மாநில அரசு
இயக்குநர், பினாங்கு மாநிலக் கல்வி இலாகா

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜோர்ஜ்டவுன் வட்டார அரசாங்க இடைநிலைப்பள்ளிகளில் பயிலும் தமிழ் மாணவர்களின் பெற்றோர் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பூமிபுத்ரா அல்லாதோருக்கு நூற்றுக்குப் பத்து இடங்களே உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் தரப்படும் எனப் பிரதமர் 2024-இல் அறிவித்தபோது மகிழ்ந்தோம். ஆனால் ஆறு ஏ, ஏழு ஏ எடுத்த பிள்ளை எங்கே போவது? குறைந்த செலவில் பல்கலைக்கழகம் செல்ல அந்தப் பிள்ளைக்குள்ள நல்ல வழி ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டில் மூன்று பருவத் தேர்வுகள் எழுதிப் பெறும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. இது தெரியாமல் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனை நம்பித் தனியார் கல்லூரிகளுக்கு ஓடும் பெற்றோர் பலர். பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே பெற்றோரை அழைத்துத் தமிழில் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டுகிறோம்.

எங்களை அதிகம் வருத்துவது எஸ்.டி.பி.எம். தமிழ்ப் பாடத்தின் நிலை. 1996 கல்விச் சட்டப்படி ஒரு பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழியுண்டு. ஆறாம் படிவத்திலோ மாணவர்கள் பள்ளிக்கு மூவர் நால்வராகச் சிதறிக் கிடக்கிறார்கள். எங்கும் எண்ணிக்கை சேர்வதில்லை. ஆர்வமுள்ள பிள்ளை பகலெல்லாம் மற்றப் பாடங்களைப் படித்துவிட்டு, இரவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக் கூடத்தில், நகலெடுத்த பழைய வினாத்தாள்களை வைத்து இலக்கணம் படிக்கிறது. ஆசிரியர் கிடைக்காத பிள்ளை பாடத்தையே விட்டுவிடுகிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு நாளை மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள்? 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை முன்னிட்டு 2016-இல் இருநூறாண்டு விழா எடுத்தது இந்நாட்டுத் தமிழ்ச் சமூகம். அந்த வகுப்பு பிறந்த நகரில் இந்நிலை நீடிக்கலாகாது.

ஆகவே, தீவில் ஒன்றும் செபராங் பிறையில் ஒன்றுமாக இரு பள்ளிகளை மையமாக்கி, பல பள்ளி மாணவர்களை ஒரே தமிழ் வகுப்பில் சேர்க்குமாறு கல்வி இலாகாவைக் கோருகிறோம். நிரந்தர ஆசிரியர் நியமிக்கப்படும்வரை பகுதிநேர ஆசிரியரின் ஊதியத்தை மாநில அரசு ஏற்க வேண்டும். கல்வி மத்திய அரசின் பொறுப்பு என்பதை அறிவோம். அப்படியிருந்தும் இம்மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் மானியம் தந்து வருகிறது. அதற்கு நன்றியுடையோம். அந்த உதவி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடாமல் ஆறாம் படிவம்வரை நீள வேண்டும்.

பாலேக் பூலாவ், நிபோங் தெபால் போன்ற இடங்களிலிருந்து மையங்களுக்கு வரும் வசதி குறைந்த மாணவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் வழங்க வேண்டுகிறோம்.

அடுத்த ஆறாம் படிவச் சேர்க்கைக்கு முன் எங்கள் பேராளர்களை நேரில் சந்தித்து, இக்கோரிக்கைகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
பெற்றோர் சங்கச் செயலவைக்காக,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு