உப்பு ஜாடியில் ரஸாயனம்

ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, "தனிமம், சேர்மம், கலவை என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று இலக்கணங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். "சரி, அடுக்களையில் இருக்கும் உப்பு இம்மூன்றில் எது?" என்றால் விழிக்கும். குற்றம் குழந்தையினுடையதன்று. நாம் இலக்கணத்தைக் கற்பித்தோமே யல்லாமல் உப்பைக் காட்டவில்லை. ஆகவே இந்த வாரம் உப்பு ஜாடியையே எடுத்து முன்னே வைத்துக் கொள்வோம்.

உப்பில் அடங்கிய தனிமங்கள் இரண்டு: ஸோடியம், குளோரின். ரஸாயன முறை எதனாலும் இவற்றை இன்னும் எளிய பொருள்களாகப் பிரிக்க இயலாது. ஸோடியம் வெள்ளியைப் போல் பளபளக்கும் உலோகம். 1807ல் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி மின்சாரத்தைப் பாய்ச்சி அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். கத்தியால் நறுக்கிவிடலாம், அவ்வளவு மிருது. ஆனால் ஜலத்தில் ஒரு துண்டைப் போட்டால் உருகி உருண்டு, சீறிக் கொண்டு ஓடும். சில சமயம் தீயும் பற்றிக் கொள்ளும். குளோரினோ மஞ்சள் கலந்த பச்சை வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்து ஈப்ர நகரின் அருகே ஜெர்மானியர் அதைக் காற்றில் திறந்து விட்டார்கள். பதுங்கு குழிகளில் இருந்த போர்வீரர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். தீப்பற்றும் உலோகமும் ஆளைக் கொல்லும் வாயுவும் கூடிப் பிறந்த பொருளைத்தான் நாம் விருந்தில் இலையின் ஓரத்தில் பரிமாறுகிறோம்! பெற்றோரின் குணம் ஒன்றேனும் குழந்தைக்கு வரவில்லை. சேர்மம் என்பது இதுதான்.

அளவிலும் அது கண்டிப்பானது. 100 கிராம் சுத்தமான உப்பில் ஸோடியம் சுமார் 39 கிராம், குளோரின் 61 கிராம். தூத்துக்குடியில் விளைந்தாலும் குஜராத்தில் விளைந்தாலும் இக்கணக்கு மாறாது. ரஸத்துக்கு அப்படி ஒரு கணக்குக் கிடையாது. பாட்டி வைத்தால் புளி தூக்கல். மருமகள் வைத்தால் மிளகு தூக்கல். இரண்டும் ரஸமே. ரஸம் கலவை.

கடல் நீரும் கலவையே. ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புக்கள் சுமார் 35 கிராம். அவற்றில் நமது சாப்பாட்டு உப்பு ஏறக்குறைய 27 கிராம். பாக்கியில் மக்னீஸியமும் கால்ஷியமும் பிறவும் உண்டு. உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி நீரைப் பாய்ச்சி வற்ற விடும்போது முதலில் ஜிப்ஸம் படிகிறது. பிறகு உப்பு பூக்கிறது. எஞ்சும் கசப்பு நீர் முழுதும் வற்றுமுன் அதை வடித்துவிட வேண்டும். வடிக்கத் தவறினால் மக்னீஸியம் குளோரைடு உப்போடு சேர்ந்துவிடும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஐப்பசி மழையில் ஜாடி உப்பு கசிந்து நிற்பதற்கு முக்கிய காரணம் அதுவே. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத உப்பளத் தொழிலாளியும் இந்தப் பக்குவத்தை அறிவார். அவரிடம் நம் பிள்ளைகள் ஒரு நாள் பாடம் கேட்டால் குறைவில்லை.

1930ல் தண்டியில் காந்தியடிகளும் வேதாரண்யத்தில் ராஜாஜியும் சட்டத்தை மீறிச் செய்த காரியத்தை ரஸாயன பாஷையில் சொன்னால், கலவையிலிருந்து ஒரு சேர்மத்தை எடுத்தார்கள், அவ்வளவே. சூரியன் கூலி வாங்காமல் செய்யும் அவ்வேலைக்கு அந்நிய சர்க்கார் சிறைத் தண்டனை விதித்தது. அதே ராஜாஜி 1916லேயே, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ப் பதங்கள் ஆக்குவதற்காகச் சேலத்தில் நண்பர்களுடன் சங்கம் அமைத்தவர். 1946ல் 'திண்ணை ரஸாயனம்' என்னும் நூலையும் தந்தவர். தமிழில் ரஸாயனம் சொல்ல வராது என்போர் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேலை. ஒரு பிடி கல்லுப்பில் கொஞ்சம் மணலைக் கலந்து ஜலத்தில் கரைக்கட்டும். வேஷ்டித் துணியில் வடிகட்டினால் மணல் தங்கும். வடிந்த நீரைத் தாம்பாளத்தில் ஊற்றி மொட்டை மாடியில் வைத்தால் சில நாளில் உப்பு திரும்பி வரும். அந்த உப்பிலிருந்து ஸோடியத்தைப் பிரிக்க மட்டும் எவ்வளவு வெயிலும் போதாது. 801 டிகிரி சூட்டில் உருக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அதை வீட்டில் முயலவே கூடாது. கூடவே கிளம்புவது ஈப்ரில் பரவிய அதே வாயு.